டிங்கா டொக்கா

அவர் எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். தட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.

வேலையே அப்படி. விருத்தாசலத்தில் நாங்கள் வேலை செய்த பீங்கான் பட்டறையில் கரண்டு ஃப்யூஸ் கட்டைகள் செய்தோம். நான் அச்சு அமுக்குகிற பக்கம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டதால் பதினாறு வயதிலிருந்து மண்ணோடுதான் பிழைப்பு. அவர் சூளைக்கு அந்தப் பக்கம். வெந்து இறங்கிய கட்டைகளை ஒவ்வொன்றாக இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையில் இருக்கிற வீட்டுப் பித்தளைச் சாவியால் ஒரு தட்டு தட்டுவார். டிங்கென்றால் நல்ல சரக்கு. டொக்கென்றால் உள்ளே எங்கோ வெடித்திருக்கிறது, கழித்துவிட வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "கண்ணுக்கு என்னாடா தெரியும்? காதுக்குத்தான் தெரியும், இது உசுரு, இது பொணம்னு" என்பார்.

மற்றவர்கள் இந்த வேலையைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவருக்கு விடத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் தர்ப்பூசணி வாங்கினால் தட்டுவார். அதையாவது எல்லோரும் செய்வார்கள். இவர் டீ கிளாஸைத் தட்டுவார். கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவார். புதிதாக விட்ட டவுன் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைத் தட்டிவிட்டு, "ஒரு வருசம் தாங்கும்" என்றார், கண்டக்டர் முறைத்தார். பழமலைநாதர் கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் நாலு தூணைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

அவருக்கு 'டொக்கு' என்று பெயர் வைத்தது நான்தான். முகத்துக்கு நேரே பெரியப்பா என்பேன். சொந்தமெல்லாம் இல்லை. அறுபதைத் தாண்டியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது.

அவரைச் சீண்டாமல் எனக்குப் பொழுது போகாது. ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் சாவியின் பல்லுக்குள் ஈரக் களிமண்ணை அப்பி வைத்தேன். திரும்பி வந்து தட்டினார். எல்லாமே டொக்கு. நாலு கட்டையைத் தட்டியவர் ஐந்தாவதைத் தொடவில்லை. சாவியை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"டேய் எருமை, வாடா இங்க."

போனேன். அதே சாவியால் என் மண்டையில் ஒரு தட்டு.

"டொக்கு. கழிச்சிற வேண்டிய சரக்கு."

பட்டறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சட்டை நுனியில் சாவியைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார்.

டீ நேரத்தில் அவருக்குப் பரீட்சை வைப்போம். கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு ஒரு கட்டையை எதனாலாவது தட்டுவோம். "ரூபாக் காசு." சரி. "வளையலு. கண்ணாடி இல்ல, ரப்பரு." கட்டைக்குப் பளபளப்பு பூசுகிற வேலை செய்கிற அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வெட்கப்படுவார். "ஆணி. துருப்பிடிச்சது." சரி, சரி. ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எனக்கு அது பெரிய திறமையாகத் தெரியவில்லை. குடும்பம் குட்டி இல்லாதவருக்கு வேறென்ன வேலை, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று கிண்டலடித்தேன். அந்த வயதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது நான் வாங்கிய பெல்ட்டுதான். கழுகு இறக்கையை விரித்த மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு பக்கிள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு அதைத் தெரிய வைத்து நடப்பேன்.

"ஏண்டா, பேன்ட்டு நிக்கறதுக்கு ஒரு கயிறு பத்தாதா? பறவையக் கட்டிக்கினு அலையற" என்பார்.

அவர் வீடு ஜங்ஷன் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில், ஓடு போட்ட ஒற்றை அறை. ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் என்று என் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டேன். கதவில் பூட்டு தொங்குகிறது. இறங்கியவர் பூட்டைத் திறக்கவில்லை. சாவியால் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம்தான் திறந்தார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெரியப்பா, வெளியில பூட்டு தொங்குது. உள்ள யாரு இருக்கப் போறாங்க?"

"யாரும் இல்லன்னு தெரிஞ்சிக்கினு போனா, உள்ள போனதும் ஏமாந்தாப்புல இருக்காது பாரு."

காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தேன். பட்டறையில் நாலு பேரிடம் நடித்தும் காட்டினேன். பூட்டிய கதவைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பது மாதிரி. நல்ல வரவேற்பு.

சுனாமி வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வீடு கட்டுகிற வேலைக்கு அந்தமான் போயிருந்தார்கள். என் மாமா அங்கேயே கொத்தனாராகி, குடும்பத்தோடு தங்கிவிட்டவர். கார்த்திகையில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். நான் கப்பலில் போகப்போகிறேன் என்று பட்டறையில் அலட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பா சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"அந்தமானுக்கு என்னையும் இட்டுக்கினு போடா."

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார், எழுந்து போய் மொண்டு குடிப்பார்.

"அங்க என்னா இருக்குது பெரியப்பா? தட்டிப் பாக்க தேங்கா இருக்குது, அவ்ளோதான்."

"சப்பான்காரன் கட்டுன குண்டு வூடு இருக்குதாம்ல?"

"யுத்தத்துல கட்டுன பங்கரா? ரோட்டோரம் கெடக்குதுன்னு மாமா சொல்லும். ஆட்டுக்குட்டி படுத்திருக்குமாம்."

"அத்தப் பாக்கணும்" என்றார்.

சென்னையில் கப்பல் ஏறினோம். மூன்று நாள். அடித்தளத்தில் அடுக்குப் படுக்கை. ஏறினதும் அவர் செய்த முதல் காரியம் கப்பலின் இரும்புச் சுவரைத் தட்டிப் பார்த்ததுதான். மேல்படுக்கையில் இருந்த ஒரு அம்மா பயந்துபோய், "என்னாங்க, ஓட்டையா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா, நல்ல சத்தம். படுத்துக்குங்க."

"இவரு பெரிய இன்ஜினீருங்க. இவரு தட்டிச் சொன்னாத்தான் கப்பலே கெளம்பும்" என்றேன். அந்த அம்மா மூன்று நாளும் அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் நாள் மேல்தளத்தில், நாலு பக்கமும் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், அவராகச் சொன்னார்.

அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போது அப்பா அந்தமானுக்கு மரம் வெட்டுகிற வேலைக்குப் போனாராம். அப்புறம் யுத்தம். தீவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். கடுதாசி நின்றுபோனது. யுத்தம் முடிந்து திரும்பி வந்த திட்டக்குடிக்காரர் ஒருவர், இவர் அப்பாவைக் கடைசியாகக் கடலோரத்தில் பார்த்ததாகச் சொன்னார். குண்டு வீடு கட்ட மணல் சுமந்துகொண்டிருந்தாராம். அதற்கப்புறம் செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

"எங்கம்மா தாலியக் கழட்டல. பொட்டு வச்சிக்கினுதான் செத்துச்சு. சொந்தக்காரங்கள்லாம் பூவு, மஞ்சளு எல்லாம் வச்சித்தான் தூக்குனாங்க."

"உங்க கல்யாணம்?"

"அப்பன் வந்து தாலி எடுத்துக் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நானும் சரி சரின்னு இருந்தன். வயசு பூடுச்சு."

எனக்கு அப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. "இப்ப மட்டும் என்னா, போர்ட் பிளேர்ல ஒரு பொண்ணு பாத்துருவமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அமாவாசைக்கு மணிமுத்தாத்துல அவனவன் அப்பனுக்குத் திதி குடுக்கறான். நான் கரையில நின்னு பாத்துட்டு வந்துருவன். உசுரோட இருக்கறவனுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கம்மாவுக்குக் குடுக்கறன். அவனுக்கு இல்ல. இருந்தா அவனுக்குத் தொண்ணூறு வயசுடா இப்ப. அங்க போயி ஒரு தடவ தட்டிப் பாத்துட்டு வந்துட்டா முடிவு பண்ணிடுவன்."

"செவுத்தத் தட்டுனா என்னா பெரியப்பா தெரியும்?"

"உசுரா பொணமான்னு தெரியும்."

பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். எலுமிச்சம்பழ அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கீழே இறங்கினேன். ஏனோ சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு ஆட்டோவில் கிளம்பினோம். டிரைவர் மதுரைப் பக்கத்து ஆள். கடலையொட்டி வளைந்து போகிற ரோடு. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் நீலம். தேனிலவுக்கு வந்த ஜோடிகள் பாறையில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே ரோட்டோரத்தில், பாதி மண்ணில் புதைந்த மாதிரி, பாசி பிடித்த கான்கிரீட் பெட்டிகள். கடலைப் பார்த்து ஒரு நீளமான துவாரம். துப்பாக்கி நீட்டுவதற்காம். பின்பக்கம் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வழி. அவ்வளவுதான் பங்கர். படத்தில் பார்த்த மாதிரி ஒன்றும் இல்லை.

அவர் அப்பா எந்தப் பங்கருக்கு மணல் சுமந்தார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இவர் எல்லாவற்றையும் தட்டினார். முதல் பங்கரின் சுவரில் கையை வைத்தார், சாவியால் இரண்டு தட்டு தட்டினார், காதைச் சாய்த்தார். டொக். தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். இரண்டாவது. டொக். மூன்றாவது. டொக்.

"சார் இன்ஜினியரா?" என்றார் டிரைவர்.

"ஆமாண்ணே, டெல்லியிலேர்ந்து ஆளனுப்பி இருக்காங்க. எதெல்லாம் டொக்குன்னு லிஸ்ட்டு எடுக்கணும்."

"கான்கிரீட்டு டொக்குன்னுதான கேக்கும்?"

அது எனக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்கப் பீங்கானைத் தட்டிய காது, சிமென்ட்டிலும் டிங் வரும் என்று இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்திருக்கிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. மாமா வீட்டில் மீன்குழம்பு காத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பங்கர் வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

அவர் ஆட்டோவைவிட்டு மெதுவாக இறங்கி முன்பக்கம் போவதற்குள் நான் சரிவில் ஓடி, பின்பக்கமாகக் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன். மூத்திர நாற்றம். பீர் பாட்டில்கள். சுவர் முழுக்க யார் யாரோ காதலித்த பெயர்கள். துவாரத்துக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

வெளியே, டக், டக்.

அமைதி. அலைச் சத்தம் மட்டும்.

நான் வயிற்றை எக்கி, பெல்ட்டைப் பிடித்து இழுத்து, பக்கிளால் உள்சுவரில் இரண்டு தட்டு தட்டினேன்.

இப்போது 'யாருடா அது' என்று கத்துவார், பயந்து ஓடுவார், பட்டறையில் ஒரு வருஷத்துக்கு இதை வைத்தே ஓட்டலாம் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக, டக், டக்.

நானும் தட்டினேன்.

சத்தமே இல்லை. என்ன செய்கிறார் என்று துவாரத்தின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். அவர் முகம் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு முழ தூரத்தில் இருந்தது. காதைச் சுவரில் ஒட்டி, கண்ணை மூடியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காய்ச்சல் வந்த குழந்தை தூக்கத்தில் முகத்தை வைத்திருக்குமே, அப்படி. பூட்டிய கதவுக்கு முன்னால் அவர் எப்படி நின்றாரோ அப்படித்தான் நின்றார். அதை நாலு பேருக்கு நடித்துக் காட்டியவன் நான். ஆனால் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

வாயைப் பொத்தியிருந்த கையை இறக்கினேன்.

மூன்றாவது முறை தட்டினார். டக், டக்.

பக்கிள் கையில்தான் இருந்தது. நான் தட்டவில்லை. மூச்சுகூட விடவில்லை. ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்து போனது. அவர் கண்ணைத் திறந்தார். சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். நான் தவழ்ந்து வெளியே வந்து, புதருக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தேன்.

"என்னா பெரியப்பா, டிங்கா டொக்கா?"

"போலாம்டா" என்றார்.

திரும்பி வருகிற மூன்று நாளும் அவர் எதையும் தட்டவில்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் எல்லோரும் வாந்தி எடுத்தபோதும் சுவரைத் தொடவில்லை. பட்டறையில் கட்டைகளை மட்டும் தட்டினார். டீ கிளாஸை அப்படியே வாங்கிக் குடித்தார். கண்ணைக் கட்டிப் பரீட்சை வைக்கக் கூப்பிட்டால், "வேல இருக்குது, போங்கடா" என்றார். ஒருநாள் பின்னாலேயே போய்ச் சந்து முனையில் நின்று பார்த்தேன். கதவைத் தட்டாமல் பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

இரண்டு தடவை பதில் வந்தது என்று நம்பிவிட்டாரோ? தன் அப்பன் அந்தப் பெட்டிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாரோ? அப்படியென்றால் இனி ஜென்மத்துக்கும் திதி கொடுக்கமாட்டார். ஒரு மனுஷன் அறுபது வருஷமாகக் கேட்ட கேள்விக்கு நான் பெல்ட்டால் பதில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று தினமும் சூளைப் பக்கம் போவேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "சாப்டீங்களா பெரியப்பா" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

தை அமாவாசைக்கு முதல் நாள் அவரே வந்தார். "நாளைக்குக் காலையில ஆத்துக்கு வா. தனியா நிக்க ஒரு மாதிரியா இருக்குது."

மணிமுத்தாற்றில் முழங்கால் அளவு தண்ணீர். கரை முழுக்கக் கூட்டம். எள், வாழைக்காய், தர்ப்பை. அவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது விட்டால் அப்புறம் இல்லை என்று பட்டது.

"பெரியப்பா. அன்னைக்கு அந்தப் பங்கர்ல... உள்ள இருந்து தட்டுனது நான்தான்."

அவர் பிழிவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"தெரியுமா? எப்பிடி?"

"எங்கப்பன் பெல்ட்டு போட்டதில்லடா."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறியது.

"தெரிஞ்சிக்கினேவா திருப்பித் திருப்பித் தட்டுனீங்க?"

"மொதோ தடவ எப்பவும்போலத் தட்டுனன். நீ எதிர்ச்சத்தம் குடுத்த. ரெண்டாவது, நீதானான்னு பாக்கத் தட்டுனன்." வேட்டியை உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டார். "மூணாவதுதான் எங்கப்பனுக்குத் தட்டுனது."

துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

"அதுக்கும் நீ தட்டிடுவியோன்னு பயந்துக்கினே நின்னன்டா. நல்ல வேள."

உள்ளங்கையால் என் மண்டையில் ஒரு தட்டு தட்டினார். டிங்கென்றும் சொல்லவில்லை, டொக்கென்றும் சொல்லவில்லை. ஐயர் முன்னால் போய் உட்கார்ந்தார். அப்பா பெயரைச் சொன்னார். என்றைக்குத் தவறினார் என்று ஐயர் கேட்டதற்கு, "போன கார்த்திகையில" என்றார். ஐயர் இவர் வயதை ஒரு தரம் பார்த்துவிட்டு மந்திரத்தை ஆரம்பித்தார். எள்ளும் தண்ணியும் அவர் விரலிடுக்கில் இறங்கின. நான் பின்னால் நின்றுகொண்டு சட்டையை வெளியே இழுத்து பெல்ட்டை மூடினேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். கதவைத் தட்டுகிற பழக்கம் திரும்பி வரவே இல்லை. வேலைக்கு வராத ஒருநாள் நான்தான் போய்ப் பார்த்தேன். பூட்டு வெளியில் இல்லை. கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன்.

இப்போது அந்த வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். வாசலில் காலிங் பெல் இருக்கிறது, அழுத்தினால் குருவி கத்துகிறது. போன வாரம் அந்தப் பக்கம் சைக்கிளில் போனபோது கை சும்மா இருக்கவில்லை. அழுத்திவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் அழுத்தினேன்.

உள்ளேயிருந்து, "யாரு? இதோ வரேன்" என்று ஒரு குரல் கேட்டது. காலடிச் சத்தமும் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் வருகிறவரைக்கும் நின்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் ஓடினேன்.